ஒன்பது வீதம்

ஜேர்மனியில் புதிதாக ஓர் ஊருக்குக் குடிபோனால் நகரசபையில் பதியவேண்டும். அந்தப் படிவத்தில் பெயர், பிறந்த இடம், கலியாணம் முடித்தவரா என்ற கேள்விகளோடு சமயத்துக்கும் ஒரு கட்டம் இருக்கும். திருகோணமலையிலிருந்து வந்த கத்தோலிக்கர் யாரும் அந்த இடத்தில் பேனாவை நிறுத்தியதாகக் கேள்விப்படவில்லை. அகதி விசாரணையில் ஆயிரம் கேள்விக்குப் பதில் சொல்லிக் களைத்தவர்களுக்கு அது ஒன்றுதான் சுகமான கேள்வி. ரோமன் கத்தோலிக்கம் என்று எழுதிவிட்டு வந்துவிடுவோம். அதற்கு விலை உண்டு என்பது முதல் சம்பளத் துண்டு கையில் கிடைக்கும்போதுதான் தெரியும்.

தேவாலய வரி. சம்பளத்தில் ஒன்பது வீதம் என்று நம்மவர்கள் பயந்துகொள்வார்கள். அப்படி இல்லை, வருமான வரியில் ஒன்பது வீதம். பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பேர்க்கிலும் எட்டு. மாதம் 400 யூரோ வருமான வரி கட்டுகிறவரிடம் இன்னும் 36 யூரோ போகும். அரசாங்கமே பிடித்துத் திருச்சபையிடம் கொடுத்துவிடும். 1803-இல் திருச்சபைக் காணிகளை ஆட்சியாளர்கள் எடுத்துக்கொண்டதிலிருந்து வளர்ந்துவந்த ஏற்பாடு இது. 1919-இன் வைமார் அரசியலமைப்பில் இடம்பிடித்து, 1949-இன் அடிப்படைச் சட்டத்திலும் அப்படியே நிற்கிறது.

என் மகன் வேலைக்குப் போன புதிதில் கேட்டான்: “அப்பா, நான் பூசைக்கே போறதில்லை. பிறகேன் கட்டவேணும்?”

திருமலையில் யாரும் வரி பிடிக்கவில்லை, மனசோடு கொடுத்தோம் என்று பெருமை பேசியிருக்கலாம். திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு காசு சேர்ப்பார்கள், கடலுக்குப் போகிறவர்கள் முதல் பாட்டில் ஒரு பங்கைக் கோயிலுக்கு நேர்ந்துவைப்பார்கள் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்தக் காசில் எங்கள் திருச்சபை நடந்திருக்காது. அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்த இயேசு சபைச் சாமிமார்தான் கிழக்கில் பள்ளிக்கூடங்களைத் தாங்கினார்கள். 1947-இல் எங்களுக்கு ஆயராக வந்த கிளெனி ஆண்டகையும் அந்தச் சபைதான். புனித சூசையப்பர் கல்லூரியில் நாங்கள் வாங்குப்பலகையில் இருந்து படித்ததற்கு, எங்கேயோ யாரோ முகந்தெரியாத சனம் உண்டியலில் காசு போட்டிருக்கிறது. அந்தச் சாமிமாரில் ஒருவரான இயூஜின் ஹேபேர்ட் 1990 ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் புறப்பட்டவர்; இன்றுவரை அவரைப் பற்றிய தடயம் இல்லை.

இதைச் சொல்லி மகனை மடக்கிவிட்டேன் என்று நினைத்தேன். சுனாமிக்குப் பிறகு ஜேர்மன் கரித்தாஸ் காசும் எங்கள் கரைக்கு வந்ததைச் சேர்த்துச் சொன்னேன். “அது நன்கொடைக் காசு அப்பா, வரி இல்லை” என்றான். நீ போன கிண்டர்கார்டன் கோயிலுடையதுதானே என்றேன். அதற்கும் பெரும்பங்கை அரசாங்கம்தான் கொடுக்கிறதாம். கைத்தொலைபேசியில் காட்டினான். இந்தப் பிள்ளைகளோடு ஞானோபதேசம் பேசுவது சுலபமில்லை.

2022-இல் மட்டும் ஜேர்மனியில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட கத்தோலிக்கர் திருச்சபையை விட்டு விலகினார்கள். எல்லோரும் காசுக்காகப் போகவில்லை. சிறுவர் துஷ்பிரயோகங்களை மூடிமறைத்த கோபம் பலருக்கு. எங்களவர்களில் விலகியவர்கள் குறைவு. எனக்குத் தெரிந்த பாலையூற்றுக்காரர் ஒருவர் வீட்டுக் கடன் எடுத்த வருஷம் விலகினார். நாங்கள் இருக்கும் மாநிலத்தில் அதற்கு நீதிமன்றத்துக்குப் போய், 30 யூரோ கட்டிக் கையெழுத்து வைத்தால் போதும். அவர் மனதில் அது வரிக் கணக்கு மட்டும்தான். ஆனால் 2012 செப்டெம்பரில் ஜேர்மன் ஆயர்கள் போட்ட கட்டளைப்படி, விலகியவருக்குச் சாகுந்தறுவாயில் அன்றி நன்மை வாங்கவோ பாவசங்கீர்த்தனம் செய்யவோ முடியாது. ஞானத்தகப்பனாகவும் நிற்கமுடியாது.

இன்னொன்றும் உண்டு. விலகிய செய்தி, ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குப் போய் அங்குள்ள பதிவேட்டில் ஏறவேண்டும். அந்த நீளக் கொப்பியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பிள்ளையின் பெயர், தாய் தகப்பன், ஞானப்பெற்றோர், ஓரத்தில் உறுதிபூசுதலும் கலியாணமும் குறிக்க ஒரு வெற்றிடம். டூயிஸ்பேர்க் நீதிமன்றத்தில் வைத்த கையெழுத்து திருமலையில் அந்த ஓரத்தில் போய் உட்காரும். காசு பிரச்சினை இல்லை, பகிரங்கமாக விலகுகிறேன் என்று சொல்வதுதான் பிரச்சினை என்பது ஆயர்களின் வாதம். வாதத்தில் பிழை இல்லை. இருந்தாலும் கொலைகாரனுக்குத் திறந்திருக்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டி, வரி கட்டாதவனுக்குப் பூட்டியிருப்பது எனக்குச் செமிக்கவில்லை.

ஒவ்வொரு ஓகஸ்டிலும் கேவலாரில் தமிழர் யாத்திரை நடக்கும். நெதர்லாந்து எல்லையோரச் சின்ன ஊர். 1642-இல் ஒரு நடைவியாபாரி கட்டிய சிற்றாலயத்தில், உள்ளங்கையளவு கடதாசியில் அச்சிட்ட மாதா படம். எண்பதுகளிலிருந்து எங்கள் சனம் ஆயிரக்கணக்கில் வருகிறது; அதில் பெருந்தொகை சைவக்காரர். குங்குமப் பொட்டோடு மெழுகுதிரி ஏற்றுகிற பெண்ணை யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. கோணேசர் நகர்வலம் வரும்போது மாதா படம் மாட்டிய வீட்டுக்காரரும் வாசல் கூட்டித் தண்ணீர் தெளித்த ஊரில் வளர்ந்த எங்களுக்கு அது புதினமும் இல்லை.

பாலையூற்றுக்காரரும் தவறாமல் வருவார். மாதா சுரூபத்தைத் தோளில் சுமப்பார், வெயிலில் தண்ணீர்ப் போத்தல் கொடுப்பார். போன முறை நன்மை கொடுக்கும் நேரம் எல்லோரும் வரிசைக்குப் போக, அவர் வாங்கிலேயே இருந்தார். பக்கத்திலிருந்த சைவக்கார அக்கா கேட்டார்: “தம்பி, நீங்கள் வேதக்காரர்தானே, போகேல்லையோ?”

“வயிறு சரியில்லை அக்கா.”

அக்கா கைப்பையிலிருந்து ஓமத் தண்ணீர்ப் போத்தலை எடுத்து நீட்டினார். அவர் குடித்தார்.

மகன் இன்னும் ஒன்பது வீதம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறான். விசுவாசம் திரும்பிவிட்டதாக எண்ணவேண்டாம். அவன் கட்டப்போகிற பிள்ளை சைவம். கோயிலில் தாலி கட்ட ஆயரின் அனுமதி வேண்டும். “அது முடியட்டும், பிறகு பார்ப்பம்” என்கிறான். பிள்ளையின் தாய்க்குத்தான் அவசரம்: கேவலார் மாதாவுக்கு நேர்த்தி வைத்திருக்கிறாராம்.