தட்டில் எழுதிய பெயர்

ட்ரம் வாத்தியத் தொகுதியிலே இடம்பெறும் சிம்பல் என்னும் வெண்கலத் தட்டினை விலைகொடுத்து வாங்கும் கலைஞருட் சிலர், அதனை மேடைக்கு எடுத்துச் செல்லுமுன் ஒரு காரியஞ் செய்கின்றனர். பஞ்சிலே அசற்றோனைத் தோய்த்து, தட்டின்மீது மையினால் அச்சிடப்பட்டிருக்கும் கம்பனியின் பெயரைத் துடைத்து நீக்கிவிடுகின்றனர். வேறு சிலரோ, அப்பெயர் மங்கிவிடுமே என்று அஞ்சித் தட்டின் அழுக்கைத் துடைப்பதற்குந் தயங்குகின்றனர். ஒரே பொருளை ஒரே விலைக்கு வாங்கிய இரு சாராரும் ஒரே பெயரை இவ்வாறு வேறுபட நோக்குவது ஏன்? இது வெறும் அலங்காரத்தைப் பற்றிய சச்சரவு என்று தள்ளிவிடத்தக்கது போலத் தோன்றும். ஆயினும் சற்று ஆழ்ந்து நோக்குமிடத்து, ஒரு பொருளுக்கும் அதனை ஆக்கியவனுக்கும், ஆக்கியவனுக்கும் அதனை ஆள்பவனுக்கும் இடையேயுள்ள உறவு பற்றிய பழைய வினாவொன்று இதனுள் மறைந்திருத்தல் புலனாகும்.

முதலிலே தட்டினைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். சிறந்த சிம்பல்களுக்குரிய உலோகம் ஏறத்தாழ 80 வீதம் செம்பும் 20 வீதம் வெள்ளீயமுங் கலந்த வெண்கலமாகும். இவ்வளவு வெள்ளீயஞ் சேர்ந்த கலவை இனிமையாக ஒலிக்கும். ஆனால் எளிதில் உடைந்துபோகும். ஆகவே அதனை வார்த்து, காய்ச்சி, உருட்டி, சம்மட்டியால் அடித்து, கடைசற் பொறியிலே கடைந்து மெல்ல மெல்லப் பதப்படுத்துகின்றனர். அடியின் குழிகளும் கடைசலின் வரிகளும் தட்டுக்குத் தட்டு வேறுபடுவதால், ஒரே வகையைச் சேர்ந்த இரு தட்டுகள்கூட ஒரே குரலிற் பேசுவதில்லை.

இக்கைத்தொழிலிலே மிகப் பழைய பெயர் சில்ஜியன் என்பதாகும். 1618ஆம் ஆண்டளவில், கொன்ஸ்தாந்திநோபிள் நகரிலே அவெடிஸ் என்னும் ஆர்மேனிய இரசவாதி, பொன் செய்ய முயன்றபோது இக்கலவையின் பக்குவத்தைக் கண்டறிந்தார் என்று அக்குடும்பத்தின் மரபு கூறுகிறது. ஒட்டோமன் அரசவையின் ஆதரவைப் பெற்ற அவர், 1623இலே சொந்தப் பட்டறையை நிறுவினார். துருக்கி மொழியிலே ‘சில்’ என்பது தாளத்தையும், ‘ஜி’ என்பது அதனைச் செய்பவரையுங் குறிக்கும். ‘யன்’ என்பது மகன் எனப் பொருள்படும் ஆர்மேனிய விகுதி. எனவே, இன்று கறுப்பு மையிலே காணப்படும் அச்சொல் தொடக்கத்தில் வியாபாரக் குறியாக இருக்கவில்லை. அது தொழிலால் ஒருவனுக்கு வந்த பெயர்; ஆட்சியாளர் மொழியும் குடிமக்கள் மொழியும் ஒன்றாய் இணைந்த பெயர். இதனை அறிந்தவன் பஞ்சினைக் கையிலெடுக்கும்போது ஒரு கணமேனுந் தயங்குவான்.

எனினும், தட்டிலே இருவகைக் குறிகள் உள என்பதை மறத்தலாகாது. ஒன்று, உலோகத்திலே அழுத்திப் பதிக்கப்பட்ட முத்திரை. மற்றையது, மேற்பரப்பிலே மையால் அச்சிடப்பட்ட இலச்சினை. முத்திரை மிகப் பழையது; இலச்சினையோ 1970களின் பிற்பகுதியிலிருந்தே பெருவழக்காயிற்று. முத்திரையைக் கண்டறிய ஒருவர் தட்டின் அருகே குனிந்து பார்க்க வேண்டும். இலச்சினையோ தூரத்திலுள்ளவர் கண்ணுக்கும் புகைப்படக் கருவிக்கும் ஏற்ற அளவிலே பெரிதாக எழுதப்படுவது. முன்னது தட்டினை ஆராய்பவனிடம், ‘இதனைச் செய்தவர் இன்னார்’ என்று சொல்கிறது; பின்னது மண்டபத்திலிருப்போர் அனைவரையும் நோக்கி, ‘இதனை வாங்குங்கள்’ என்று கூவுகிறது. ஒரே சொல்லாயினும் இரண்டின் தொழில் வேறு. நீக்குவதா, பேணுவதா என்னும் விவாதம் பெரும்பாலும் இவ்வேறுபாட்டை மறப்பதாலேயே குழம்பிவிடுகிறது.

முத்திரையின் பயன் பெரிது. பழைய துருக்கித் தட்டுகளிற் சில கொன்ஸ்தாந்திநோபிள் என்ற பெயரைத் தாங்கியுள்ளன. பிற்பட்டவை இஸ்தான்புல் என்ற பெயரைத் தாங்கியுள்ளன. 1930இலே துருக்கி அரசு அந்நகரை இஸ்தான்புல் என்றே அழைக்குமாறு உலகைக் கேட்டுக்கொண்டது. ஆகவே, ஒரு நகரின் பெயர் மாறிய வரலாறு வாத்தியத்தின் உடலிலேயே பதிந்துவிட்டது. எழுத்தின் வடிவம், அளவு, அமைப்பு ஆகியவற்றைக் கொண்டு தட்டொன்று எப்பத்தாண்டிற் பிறந்தது என்று கணிப்போர் இன்றும் உளர். கல்வெட்டாய்வாளன் எழுத்தமைதி கொண்டு காலத்தைக் கணிப்பது போன்றதே இதுவும். இத்தகைய முத்திரையைத் தேய்த்து அழிக்க முற்படுபவன் தட்டின் பிறப்புச் சாட்சியைக் கிழித்தவனாவான், உலோகத்தையும் புண்படுத்தியவனாவான். அதனை எவரும் ஆதரிப்பதில்லை. எனவே உண்மையான வழக்கு மையைப் பற்றியதே.

மையை நீக்குவோர் முதலிற் கூறும் நியாயம் ஒலியைப் பற்றியது. தட்டிலே ஒட்டிய எதுவும் அதன் அதிர்வை விழுங்கும் என்பர். இக்கூற்று முற்றிலும் ஆதாரமற்றதன்று. ஒலி நீளாதிருக்கும்பொருட்டுத் தட்டின் அடியிலே ஒட்டுநாடாத் துண்டை ஒட்டும் வழக்கம் கலைஞரிடையே உண்டு. அது பயன் தருவதையும் எவருங் கேட்டறியலாம். ஆனால் நாடா மென்மையும் தடிப்புமுடையது. காய்ந்த மையோ மிக மெல்லிய படலம். இருபது அங்குல விட்டமுடைய றைட் சிம்பலொன்று இரண்டு கிலோகிராமுக்கு மேல் நிறையுடையதாதல் வழக்கம். அதன்மீது நாலைந்து சொற்களை எழுதிய மையின் நிறை அதற்கு எம்மட்டு? மரநுனிக் கோலை வைத்துவிட்டு நைலோன் நுனிக் கோலை எடுத்தால் உண்டாகும் வேறுபாடு இதனினும் பன்மடங்கு பெரிது. மேலும், துடைத்த பின்னர் அதே தட்டினைத் துடைப்பதற்கு முன்னிருந்த நிலையிலே வைத்து ஒப்பிட வழியில்லை. ஒரு மாலைப்பொழுது முழுவதும் உழைத்துத் துடைத்தவன், துடைத்த தட்டு தெளிவாக ஒலிக்கிறது என்றே கேட்பான். செவி தனித்துக் கேட்பதில்லை; கண்ணும் கையும் அதற்குத் துணைநிற்கின்றன.

ஒலியைப் பற்றிய வாதம் வலுவிழக்கும் இடத்திலே இரண்டாவது வாதம் எழுகின்றது. அது கூறப்படாதிருப்பினும் முதலாவதினும் நேர்மையானது. ‘பணங் கொடுத்து வாங்கியவன் நான்; அவ்வாறிருக்க, விற்றவனுக்குக் கூலியின்றி விளம்பரப் பலகை சுமக்க வேண்டியதென்ன?’ என்பதே அது. இக்கேள்விக்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு. 1964ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி, நியூயோர்க் நகரிலே எட் சலிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியிற் பீற்றில்ஸ் இசைக்குழுவினர் தோன்றினர். ஏறத்தாழ 73 மில்லியன் மக்கள் அதனைக் கண்டனர். றிங்கோ ஸ்டாரின் பெரிய ட்ரம்மின் முன்முகத்திலே குழுவின் பெயருக்கு மேலே லட்விக் என்னும் கம்பனியின் பெயரும் எழுதப்பட்டிருந்தது. அதன்பின் அக்கம்பனியின் விற்பனை பெருகிய விதம் வாத்திய வணிகர் யாவரும் அறிந்த கதை. வாத்தியத்தின் முகம் விலைமதிப்புள்ள நிலம் என்பதை வணிகர் தெளிவாக உணர்ந்துகொண்டனர். புகழ்பெற்ற கலைஞர் அந்நிலத்துக்கு ஈடாகச் சலுகை பெறுகின்றனர், வாத்தியம் பெறுகின்றனர். பெயரறியாக் கலைஞனோ முழு விலையுங் கொடுத்து அதே பெயரைச் சுமக்கின்றான். அவன் பஞ்சினைக் கையிலெடுத்தால் அதனைக் கர்வம் என்று சொல்லல் தகுமோ?

ஆயினும், பேணுவோர் பக்கத்திலும் நியாயம் உண்டு. தட்டின் வகைப்பெயர், விட்டம், பாரம் ஆகிய குறிப்புகள் பெரும்பாலும் மையிலேயே எழுதப்படுகின்றன. அவை போயின், பின்னொரு நாள் அதனை வாங்குபவன் எதனை வாங்குகிறோம் என்று அறியான்; விற்பவனும் உரிய விலை பெறான். வறுமையிலே வாத்தியத்தை விற்க நேரும் கலைஞனுக்கு இது சிறிய விடயமன்று. மேலும், அழித்த மையைத் திரும்ப எழுத இயலாது. எழுதினாற் போலிக்கும் அசலுக்கும் வேறுபாடு காண்பது அரிதாகும்.

இவற்றினும் ஆழமான நியாயம் மற்றொன்றுண்டு. பெயர் என்பது சட்டத்துக்கு உரியது. ஒலி என்பது கைக்கு உரியது. இவ்விரண்டும் எப்போதும் ஒன்றாய் நடப்பதில்லை. சில்ஜியன் குடும்பத்தின் வழித்தோன்றலொருவர் 1929இல் ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே தொழிற்சாலை அமைத்தார்; அதற்கு முன் அவர் இனிப்புப் பண்டஞ் செய்து விற்றவர். இஸ்தான்புல் பட்டறையோ ‘கே’ என்னும் முதலெழுத்தைத் தாங்கிய தட்டுகளைத் தொடர்ந்து செய்துவந்தது. 1960களிலே மைல்ஸ் டேவிஸின் ஐவர் குழுவில் டோனி வில்லியம்ஸ் என்னும் இளைஞர் வாசித்த, ஆழ்ந்த குரலுடைய தட்டுகள் அப்பட்டறையின் ஆக்கங்களே. அது 1970களின் பிற்பகுதியில் மூடப்பட்டபோது, அங்கே பயின்ற கைவினைஞருக்குத் தொழில் எஞ்சியது, பெயர் எஞ்சவில்லை. அவர்களுள் மெஹ்மெற், அகொப் என்னும் இருவர் 1980களின் தொடக்கத்திலே தாமே பட்டறை நிறுவித் தம் தட்டுகளுக்குத் தம் நகரின் பெயரையே இட்டனர். 1996இல் அகொப் இறந்தபின் அதுவும் இரண்டாய்ப் பிரிந்து, இன்று ஒவ்வொன்றும் ஒருவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அமெரிக்கக் கிளையிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1979இலே தந்தை இறந்தபின் உடன்பிறந்தார் பிரிந்தனர். இளையவர் கனடாவிலே 1981இல் தொடங்கிய கம்பனிக்குத் தம் மூன்று பிள்ளைகளின் பெயர்களிலுள்ள எழுத்துகளைக் கோத்துச் சேபியன் என்று பெயரிட்டார்.

இவற்றை நோக்கும்போது, மையிலே எழுதிய பெயர் வெறும் விளம்பரம் என்ற முடிவு அவசரமானதாகிறது. பெயரை இழந்தவனுக்கே பெயரின் அருமை தெரியும். அகொப் என்னும் சொல்லைத் துடைப்பவன் ஒரு வணிகனின் கூவலைத் துடைக்கிறானா, அல்லது நெடுங்காலம் பிறர் பெயரிலே உழைத்தபின் தன் பெயரை எழுதக் கிடைத்த ஒரு தொழிலாளியின் கையொப்பத்தைத் துடைக்கிறானா? இரண்டும் அதே மையிலேயே இருக்கின்றன.

எங்கள் கோயில்களிலே நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் இணையாக ஒலிக்கும் தாளத்தையும் இங்கு நினைத்தல் பொருந்தும். அதுவும் வெண்கலமே. கையளவான அச்சோடியிலே வார்த்தவர் பெயரைக் காண்பது அரிது. இதனைப் பணிவு என்று போற்றுவோர் உளர். ஆனால் பெயரெழுத மனமில்லாமை வேறு. எழுத இடமளிக்கப்படாமை வேறு. கன்னானுடைய பெயரை எவருங் கேளாத சமூகத்திலே, பெயரற்ற தாளத்தின் தூய்மையைப் பற்றிப் பெருமை பேசுதல் எளிது. பெயர்கள் மிகுந்து கண்ணை உறுத்தும் வாத்தியமும், பெயரே இல்லாத வாத்தியமும் வெவ்வேறு வகையிலே ஓர் உண்மையை மறைக்கின்றன.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? முத்திரையிருந்து, வகையும் அளவும் வேறு வழியால் அறியத்தக்கனவாயின், மையை நீக்குவது உடையவனின் உரிமை. நீக்குமுன் அதிலுள்ள விபரங்களைக் குறித்துவைத்தலும் படமெடுத்துவைத்தலும் நன்று. காற்றோட்டமுள்ள இடத்திலே, நெருப்புக்கு அப்பால் அசற்றோனைப் பயன்படுத்தலாம். அது மையைக் கரைக்குமேயன்றி வெண்கலத்தை அரிக்காது. எனினும் சில தட்டுகள்மேல் பூசப்பட்டிருக்கும் காப்புப் பூச்சையும் அது கொண்டுபோகக்கூடும். மணற்றாளும் சுழற் பொறியுங் கூடா. அவை கடைசல் வரிகளைத் தேய்ப்பன; பொறியின் சூடு உலோகத்தின் பதத்தையுங் கெடுக்கும். மையே ஒரே சான்றாயின், அல்லது தட்டு பழையதாயின், அதனைத் தொடாது விடுதலே அறிவுடைமை.

இன்னொரு வழியும் உண்டு; அது பொறுமையின் வழி. நாள்தோறும் வாசிக்கப்படும் தட்டிலே கோலின் நுனி படுமிடமெல்லாம் மை தானே தேய்கிறது. சில ஆண்டுகளில் எழுத்துகள் உடைந்து, பின் நிழலாகி, பின் மறைகின்றன. அப்போது மேற்பரப்பிலே கபில நிறம் படர்ந்திருக்கும். அவ்வாறு தேய்ந்த பெயரை யாரும் அவமதித்ததாகச் சொல்ல இயலாது. உழைப்பே அதனைத் தேய்த்தது. ஒரே நாளிலே பஞ்சினால் நீக்கிய பெயருக்கும், பதினைந்தாண்டு வாசிப்பினால் நீங்கிய பெயருக்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு சிறிது. ஆயினும் பின்னைய தட்டிலே, செய்தவன் பெயர் இருந்த இடத்தில் வாசித்தவனின் உழைப்பு பதிந்திருக்கும்.