எப்போதாவது வரும் செய்திக்காக

2001 பிப்ரவரி 28 அன்று கோலார் தங்கவயலில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியும், அதன்பின் அரசும் தங்கம் எடுத்த மண்ணில் வேலை நின்றது. அன்றிலிருந்து நந்திதுர்க், உரிகம், சாம்பியன் ரீஃப், மாரிகுப்பம் என எந்தச் சுரங்கத் தொழிலாளர் லைனில் போய் உட்கார்ந்தாலும் பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகிறது. சுரங்கம் மறுபடி திறக்குமா? குடியிருக்கும் கம்பெனி வீடு சொந்தமாகுமா? நிலுவைப் பணம் எப்போது கைக்கு வரும்? தங்கம் பிரித்தபின் கொட்டப்பட்டு ஊரை ஒட்டி மலைபோல் நிற்கும் சயனைடு மண்ணை என்ன செய்யப் போகிறார்கள்?

பதில்கள் வராமல் இல்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் இடைவெளி விட்டு வருகின்றன. சுரங்கத்தை உலகளாவிய டெண்டருக்கு விடும் விஷயத்தில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. மண்மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்க மத்திய அரசு முன்வைத்த திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் கொடுத்தது. 13 மேடுகள், ஆயிரம் ஏக்கருக்குச் சற்றே கூடுதலான நிலம். தீர்ப்புக்கும் ஒப்புதலுக்கும் நடுவே ஏறக்குறைய பதினோரு ஆண்டுகள். ஒவ்வொரு அறிவிப்பும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கூரையைத் தொடும் சேதி. அது எந்த நாளில், எந்தத் தளத்தில், எந்த மொழியில் வெளியாகும் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது.

இந்த இடைவெளியை வாட்ஸ்ஆப் நிரப்புகிறது. தேதியை வெட்டிவிட்ட பழைய வீடியோ ஒன்று 'சுரங்கம் திறக்கிறது' என்ற தலைப்போடு புதிதுபோல் சுற்ற ஆரம்பிக்கும். பெங்களூருக்கு வேலைக்குப் போயிருக்கும் மகன் அனுப்புவான், அப்பா பக்கத்து வீட்டுக்குக் காட்டுவார், மறுநாள் பொய் என்று தெரியும். இப்படிப் பலமுறை ஏமாந்தவர்கள், உண்மைச் செய்தி வரும் நாளிலும் அதை நம்ப மறுக்கிறார்கள். வதந்தியால் விளையும் சேதத்தில் இதுவே பெரிது.

டெல்லியில் சுரங்க அமைச்சகம், பெங்களூரில் அமைச்சரவை, உச்ச நீதிமன்றம், தமிழ், கன்னட, ஆங்கிலப் பத்திரிகைகள் என்று தகவல் பிறக்கும் இடங்கள் பல. தினமும் காலையில் இத்தனை தளங்களையும் திறந்து பார்ப்பது உழைக்கும் மனிதரால் ஆகாத காரியம். முதல் வாரம் பார்ப்பார், இரண்டாம் வாரம் அலுக்கும், மூன்றாம் வாரம் விட்டுவிடுவார். செய்தி நான்காம் வாரம் வரும்.

இந்தச் சிக்கலுக்கு இணையத்தில் ஒரு தீர்வு கால் நூற்றாண்டாகவே இருக்கிறது: ஆர்எஸ்எஸ். இந்திய வாசகருக்கு அந்த எழுத்துகள் வேறொன்றை நினைவூட்டும் என்பதால், தமிழ் இணையத்தில் வழங்கும் 'ஓடை' என்ற பெயரிலேயே இங்கே அதைக் குறிப்பிடலாம். அது வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒரு தளம், தான் புதிதாக வெளியிட்டவற்றின் தலைப்பு, தேதி, இணைப்பு, சிறு சுருக்கம் ஆகியவற்றை ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைக்கிறது. வாசகரின் கைபேசியிலோ கணினியிலோ உள்ள ரீடர் என்னும் செயலி, குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை அந்தக் கோப்பைப் போய்ப் பார்த்து, 'போனமுறைக்குப் பிறகு ஏதாவது மாறியதா' என்று கேட்கிறது. மாறவில்லை என்றால் வெறுங்கையோடு திரும்புகிறது. மாறியிருந்தால் புதியதை மட்டும் எடுத்துவந்து வரிசையில் வைக்கிறது. வாசகர் தன் மின்னஞ்சலையோ தொலைபேசி எண்ணையோ அந்தத் தளத்திடம் கொடுக்க வேண்டியதில்லை. எதை முதலில் காட்டுவது என்று நடுவில் நின்று தீர்மானிக்கும் கணிப்பொறிச் சூத்திரமும் இல்லை. நேற்று வந்தது நேற்றைய தேதியோடும் இன்று வந்தது இன்றைய தேதியோடும் நிற்கும்.

தேதியை வெட்டிய வீடியோவுக்கு நல்ல மருந்து, தேதியோடு வரும் ஓடைதான்.

இதன் முதல் வடிவத்தை 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் உலாவி நிறுவனத்தில் உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ராமநாதன் குஹா. சென்னை ஐஐடியில் பொறியியல் படித்துவிட்டு அமெரிக்கா சென்றவர். நெட்ஸ்கேப் தன் முகப்புப் பக்கத்தில் பல தளங்களின் தலைப்புச் செய்திகளைக் காட்ட விரும்பியது. அதற்காகப் பிறந்த வடிவம் இது. அந்த நிறுவனம் சீக்கிரமே அதைக் கைவிட்டது. பிறகு மென்பொருளாளர் டேவ் வைனர் அதை எளிமையாக்கி வளர்த்தார். 2000-ஆம் ஆண்டு இன்னொரு குழு எழுதிய பதிப்பில் பதினான்கே வயதான ஆரன் ஸ்வார்ட்ஸும் பங்கெடுத்தான். 2002-ல் வந்த ஆர்எஸ்எஸ் 2.0 இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறது. 2005-ல் ஆட்டம் என்ற இணையான வடிவமும் தரமாக அறிவிக்கப்பட்டது. ஒலிக்கோப்பை ஓடையில் இணைக்கும் வசதியிலிருந்துதான் பாட்காஸ்ட் என்ற ஊடகமே கிளைத்தது. பாட்காஸ்ட் கேட்கும் பலர், தாங்கள் ஆர்எஸ்எஸ் பயன்படுத்துகிறோம் என்பதை அறியாமலே பயன்படுத்துகிறார்கள். ஒரு நிறுவனம் கைகழுவிய பிறகும் பலர் கைமாற்றி வளர்த்த தொழில்நுட்பம் இது.

சந்தா கட்டி, வேண்டியதை நேரே வரவழைத்துப் படிக்கும் பழக்கம் தங்கவயலுக்குப் புதிதல்ல. அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று சென்னை ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார்; மறு ஆண்டே அது 'தமிழன்' ஆனது. அதை உயிரோடு வைத்திருந்த வாசகர் கூட்டத்தில் கோலார் தங்கவயல் தொழிலாளர்களுக்குப் பெரிய இடம் உண்டு. பண்டிதரின் பௌத்த இயக்கத்தைச் சேர்ந்த சங்கம் மாரிகுப்பத்தில் இயங்கியது. பண்டிதர் 1914-ல் மறைந்த பிறகு, 1926-ல் அவர் வழிவந்த ஜி. அப்பாதுரையார் அதே 'தமிழன்' பெயரில் தங்கவயலிலிருந்தே இதழை மீண்டும் நடத்தினார். பூமிக்கடியில் வேலை முடித்து மேலே வந்த மனிதர்கள், தங்களுக்கு வேண்டிய எழுத்து இன்னது என்று தாங்களே தேர்ந்துகொண்டார்கள். பெரிய பத்திரிகைகள் அவர்களைப் பற்றி எழுதாத காலம் அது. எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் நடுவே தபால்காரரைத் தவிர யாரும் இல்லை. ஓடையின் அடிப்படையும் அந்த உறவுதான்.

தமிழ் இணையமும் வளர்ந்தது ஓடையின் தோளில் ஏறித்தான். 2003, 2004 வாக்கில் யூனிகோடு எழுத்துரு பரவி, உலகெங்கும் தமிழர்கள் சொந்தமாக எழுத ஆரம்பித்தபோது, யார் எங்கே எழுதுகிறார் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடாக இருந்தது. காசி ஆறுமுகம் 2004-ல் 'தமிழ்மணம்' திரட்டியை அமைத்தார். அது ஒவ்வொருவர் தளத்தின் ஓடையையும் படித்து, புதிதாக வந்தவற்றை ஒரே பக்கத்தில் காட்டியது. யாழ்ப்பாணத்துக்காரர் எழுதியதைக் கோயம்புத்தூர்க்காரரும், சிங்கப்பூர்க்காரர் எழுதியதை டொராண்டோக்காரரும் அன்றைக்கன்றே படித்தார்கள். 'தேன்கூடு' போன்ற வேறு திரட்டிகளும் வந்தன. தமிழில் ஒரு தலைமுறை எழுத்தாளர்கள் இந்த வழியில் வாசகரைப் பெற்றார்கள். அச்சு இதழின் தயவு இல்லாமல் தமிழில் எழுதி வாசிக்கப்படலாம் என்ற நம்பிக்கையைத் தந்ததில் திரட்டிகளின் பங்கு இன்னும் முறையாக எழுதப்படவில்லை. எழுதப்பட வேண்டும்.

ஓடைக்குப் பெரிய அடி 2013-ல் விழுந்தது. கூகுள் 2005 அக்டோபரில் தொடங்கிய இலவச ரீடரை, 2013 ஜூலை 1 அன்று மூடியது. மூடப்போகிறோம் என்று மார்ச்சில் அறிவித்தவுடன், 48 மணி நேரத்தில் 5 லட்சம் பேர் தன்னிடம் வந்து சேர்ந்ததாக ஃபீட்லி என்ற இன்னொரு ரீடர் நிறுவனம் சொன்னது. அவர்களால் அப்படி இடம் மாற முடிந்ததற்குக் காரணம், ஓடைகளின் பட்டியலை ஓபிஎம்எல் என்ற சிறு கோப்பாக இறக்கி எந்த ரீடரிலும் ஏற்றிக்கொள்ளலாம் என்பதுதான். கடை மூடினாலும் பட்டியல் வாசகரின் சொத்து. ஃபேஸ்புக்கில் பத்தாண்டுகளாகப் பின்தொடர்ந்தவர்களை மூட்டை கட்டி இன்னொரு இடத்துக்கு எடுத்துப்போக இப்படி ஒரு வழி இல்லை.

ஆனால் கூகுள் ரீடர் மூடியதோடு 'ஆர்எஸ்எஸ் செத்துவிட்டது' என்ற பேச்சு பரவியது. 2018-ன் கடைசியில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் ஓடை படிக்கும் வசதியை நீக்கியது. தளங்களின் மூலையில் இருந்த ஆரஞ்சு நிறச் சின்னம் ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. சின்னம்தான் போனது, ஓடை பெரும்பாலும் போகவில்லை. வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்கும் தளம் என்றால், அதன் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு 'ஃபீட்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்த்தால் அநேகமாக ஓடை திறந்துவிடும். யூடியூப் சேனல் ஒவ்வொன்றுக்கும் ஓடை உண்டு. பிபிசி தமிழுக்கு உண்டு. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்துக்கு உண்டு. விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையின் திருத்த வரலாற்றுக்குக்கூட உண்டு.

ரீடரை நிறுவிய பலர் ஒரே மாதத்தில் அதைக் கைவிடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். முதல் உற்சாகத்தில் நான்கு நாளிதழ்களின் ஓடையைச் சேர்த்துவிடுகிறார்கள். மறுநாள் காலையில் படிக்காத செய்திகள் நூற்றுக்கணக்கில் குவிந்து நிற்கும். பார்த்தாலே மலைப்பு. தினமும் நிறைய வெளியிடும் தளத்தை மனிதர் தாமே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். எப்போது போனாலும் அங்கே ஏதாவது இருக்கும். ஓடை தேவைப்படுவது மாதத்துக்கு ஒருமுறை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பேசும் தளங்களுக்கு. அங்கே மனிதரின் பொறுமை தோற்கும், செயலியின் பொறுமை தோற்காது. பேசாத தளத்தை எத்தனை ஆண்டுகள் கவனித்தாலும் ரீடருக்கு அலுப்பு இல்லை. வாசகரின் நேரமும் அதில் ஒரு நிமிடம் போவதில்லை.

அதனால்தான் நந்திதுர்க் போன்ற ஓர் இடத்துக்கு இது ஏற்ற கருவி. அங்கே குடியிருக்கும் ஒரு பட்டதாரிப் பெண் தன் கைபேசியில் ஓடைகளைச் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்ட்ராய்டுக்கு 'ஃபீடர்' என்ற செயலி இலவசம். ஐபோனுக்கு 'நெட்நியூஸ்வயர்' இலவசம். கணினியில் தண்டர்பேர்டு மின்னஞ்சல் மென்பொருளே ஓடையையும் படிக்கும். முதலில் கூகுள் அலர்ட்ஸில் 'கோலார் தங்கவயல்' என்று தமிழில் ஒன்றும், அதையே கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொன்றும் அமைக்கலாம். மின்னஞ்சலுக்குப் பதிலாக ஓடையாகத் தரச் சொல்லும் தெரிவு அதிலேயே இருக்கிறது. அடுத்து, பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் ஆங்கிலப் பெயருக்கு ஒன்று. பிறகு பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் ஓடை. அவள் வங்கித் தேர்வுக்குப் படிப்பவள் என்றால் ரிசர்வ் வங்கியின் அறிவிப்பு ஓடையும் உதவும். இத்தனையும் சேர்க்க அரை மணி நேரம் போதும். வீட்டில் தமிழ், அரசுக் கடிதத்தில் கன்னடம், நீதிமன்றத்தில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் சிதறிக் கிடக்கும் ஊரின் செய்தி, ஒரே திரையில் தேதி வரிசைப்படி வந்து நிற்கும்.

மாரிகுப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் செல்லும் ரயிலில், சுரங்கம் மூடிய பிறகு பிழைப்பைத் தேடி ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் போய் வருகிறார்கள். போக வர நான்கு மணி நேரம்போல் ஆகும். கிளம்பும்போதே ரீடரைப் புதுப்பித்துவிட்டால், கட்டுரைகளின் எழுத்து கைபேசியில் இறங்கிவிடும். வழியில் சிக்னல் விட்டுவிட்டு வந்தாலும் படிக்கத் தடையில்லை. பெரும்பாலும் விளம்பரங்கள் கழிந்த எழுத்து என்பதால் டேட்டாவும் அதிகம் செலவாகாது. நெரிசலில் ஒற்றைக் கையால் கைபேசியைப் பிடித்துக்கொண்டு படிப்பவருக்கு, நடுவில் குதிக்கும் விளம்பரம் இல்லாத பக்கம் பெரிய நிம்மதி.

குறைகளும் உண்டு. சில தளங்கள் முழுக் கட்டுரையைத் தராமல் இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்ளும். ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் ஓடை தருவதில்லை. கூகுள் அலர்ட்ஸ் சில செய்திகளைத் தவறவிடும், தேவையில்லாததைக் கொண்டுவரும். ஒரு திரைப்படத்துக்கு இந்த ஊரின் பெயரை வைத்த பிறகு, ஆங்கிலச் சுருக்கப்பெயரைக் கொடுத்தால் சினிமாச் செய்திதான் குவியும். முழுப்பெயரைக் கொடுப்பது நல்லது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை அரசுத் தரப்பில் இருக்கிறது. மக்கள் எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஏல அறிவிப்பு, பட்டா முகாம் தேதி, மாசுக் கட்டுப்பாட்டுக் கருத்துக்கேட்பு போன்றவை பல அரசுத் தளங்களில் எங்கோ ஒரு மூலையில் பிடிஎஃப் கோப்பாகத் தூங்குகின்றன. அங்கே ஓடை கிடையாது. காற்றுக்காலத்தில் சயனைடு மேட்டின் தூசி சன்னல் வழியாகச் சோற்றுத் தட்டில் விழும் வீட்டில் வாழ்பவருக்கு, அந்த மேட்டைப் பற்றிய முடிவு வெளியான அன்றே தெரிந்தாக வேண்டும். அதற்குத் தேவைப்படுவது, தளத்தில் ஒருமுறை செய்துவைத்தால் போதும் என்ற அளவுக்குச் சிறிய ஏற்பாடு. கோலார் மாவட்ட நிர்வாகமும், மாநிலச் சுரங்கத் துறையும், மத்திய அமைச்சகமும் தங்கள் அறிவிப்புப் பக்கங்கள் அனைத்துக்கும் ஓடை தர வேண்டும் என்று தங்கவயலின் தொழிற்சங்கங்களும் குடியிருப்போர் சங்கங்களும் எழுத்து மூலம் கேட்க வேண்டும். அதுவரை காத்திருக்காமல், வீட்டில் கைபேசி பழகிய பிள்ளைகள் இந்த ஞாயிற்றுக்கிழமை தாத்தா பாட்டியின் கைபேசியில் ஒரு ரீடரை நிறுவி, மேலே சொன்ன ஐந்தாறு ஓடைகளைச் சேர்த்துக் கொடுக்கட்டும்.