இளைய பிராட்டியின் குரல்

கோப்பாயில் ஒலிப்பதிவுக்குத் தோதான நேரம் விடியப்புறம் நாலு மணி. ஐந்தரைக்குப் பருத்தித்துறை வீதியில் பஸ் ஓடத் தொடங்கிவிடும். பிறகு கோயில் மணி, தோட்டங்களில் இறைப்பு மெசின், வேலியோரத்துக் கோழிகள். நான் ரீச்சர் வீட்டுப் படலையைத் திறந்தபோது நல்ல இருட்டு. ரீச்சர் குளித்து முடித்து, சுடுதண்ணீரோடு அறைக்குள் இருந்தார்.

அறை என்றால் சின்ன உடுப்பு அறை. மூன்று பக்கமும் சேலைகள் தொங்குகின்றன. வெறுஞ்சுவரில் பட்டுத் திரும்பும் குரலைத் துணி உறிஞ்சிவிடும். மின்விசிறி போடக்கூடாது. புத்தகத் தாள் சரசரக்கும் என்பதால் பேத்தி பக்கங்களைப் படமெடுத்து ரப்பில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். முதல் அரை நிமிடம் ஒருவரும் மூச்சுக்கூடக் காட்டாமல் அறையின் அமைதியை மட்டும் பதிகிறார்கள். பிறகு அந்த அமைதிக்குள் இருக்கும் இரைச்சலின் மாதிரியைக் கணினிக்குக் காட்டித்தான் ஓடாசிற்றி மென்பொருளில் பதிவு முழுவதையும் துப்புரவாக்குவாள் பேத்தி. வாசிப்பில் பிழை வந்தால் ரீச்சர் நிறுத்துவதில்லை. பென்சிலால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வசனத்தை மறுபடி சொல்கிறார். திரையில் அந்தத் தட்டு இரண்டு முள்ளாக நிற்கும். வெட்ட வேண்டிய இடம் தேடாமலே தெரியும்.

வாசிக்கும் நூல் விக்கிரமனின் ‘நந்திபுரத்து நாயகி’, கல்கி எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ நாவலின் தொடர்ச்சி. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்து முடிந்தது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி முடிச்சவிழ்க்காமலே விட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் காலமாகியும் விட்டார். வாசகர்களுக்கு அந்த மனிதர்களை விட்டுப் பிரிய மனமில்லை. விக்கிரமன் அமுதசுரபி இதழில் கதையைத் தொடர்ந்தார். பின்னாளில் அனுஷா வெங்கடேஷ் ‘காவிரி மைந்தன்’ எழுதினார், காலச்சக்கரம் நரசிம்மா ‘சங்கதாரா’ எழுதினார். மூலக்கதை மீதுள்ள ஆசையே இவற்றையெல்லாம் எழுத வைத்தது என்று நான் நம்புகிறேன்.

ரொறன்ரோவில் இருக்கும் உறவுக்காரப் பெண்ணொருவர், பார்வை மங்கிய பிறகு, இந்தத் தொடர்ச்சியை ஊர்க்குரலில் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். அவர் ஒருவருக்காகத்தான் இந்தப் பதிவு. அவருக்குப் பொன்னியின் செல்வன் மனப்பாடம். ரீச்சரோ பதிவைத் தொடங்கும்போது அதில் ஒரு பக்கமும் படித்திருக்கவில்லை.

“எனக்கு அந்தச் சனம் ஒருத்தரையும் தெரியாது, தம்பி. கலியாண வீட்டில பிழையான பந்தியில குந்தின மாதிரி இருந்தது” என்றார்.

தொடர்ச்சி எழுதுபவர் யாரையும் அறிமுகம் செய்து மினக்கெட மாட்டார். வாசகருக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் எழுதுவார். ‘இளைய பிராட்டி’ என்று வந்த இடத்தில் ரீச்சர் சிறுபிள்ளைக் குரல் கொடுத்திருக்கிறார். “ஐயோ அம்மம்மா, அது குந்தவை! சோழ நாடே அவவின்ர சொல்லிலதான் நடக்குது” என்று துள்ளியிருக்கிறாள் பேத்தி. செம்பியன் மாதேவி பெரிய பிராட்டி என்பதால் இவர் இளைய பிராட்டி. நந்திபுரம் என்பது அவர் வாழ்ந்த பழையாறையின் இன்னொரு பெயர். பதிந்த மூன்று அத்தியாயங்களையும் அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்கினார்கள். இப்போது ரீச்சரின் கொப்பியில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே உறவும் வயதும் குரலின் கனமும் குறித்திருக்கிறது. பெரிய பழுவேட்டரையர் பேச்சில் வந்தால் செத்துப்போனவரைச் சொல்லும் தொனி வேண்டும் என்றும் ஒரு குறிப்பு.

இந்த ஏற்பாடு ரீச்சருக்குப் புதிதில்லை. அவருடைய தகப்பனார் கோயிலில் கந்தபுராணம் படித்தவர். ஒருவர் செய்யுளை இராகத்தோடு படிப்பார், பக்கத்தில் இருப்பவர் பயன், அதாவது பொருள், சொல்வார். பதம் பிரிப்பதில் படிப்பவர் பிழைத்தால் பயன் சொல்பவர் மெல்லத் திருத்திக் கொடுப்பார். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்தாரின் வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் என்றே சொன்னார். ‘நந்திபுரத்து நாயகி’ போலவே, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அந்தப் பாடல்களும் வடமொழி ஸ்காந்தத்தின் சங்கர சங்கிதையைத் தழுவிக் கச்சியப்பர் பாடியவைதான். இங்கே ரீச்சர் வாசிக்க, பேத்தி பயன் சொல்கிறாள். ஐம்பது வயது இடைவெளியில் இருவரும் இடம் மாறி இருப்பதைப் பார்க்க எனக்குத் தொண்டை அடைத்தது.

பேத்திக்கு ஒரு கவலை: சென்னைக் குரல்களில் கேட்டுப் பழகிய கதைக்கு எங்கள் உச்சரிப்புப் பொருந்துமா? பொருந்தும் என்றுதான் சொன்னேன். ரீச்சரின் ‘காற்று’ காத்தாகவும் இல்லை, காட்ருவாகவும் இல்லை. இங்கே வழங்கும் றகரம் அது. எங்கள் பேச்சில் ளகரமாகிப் போன ழகரத்தையும் புராணப் படிப்பின் பழக்கத்தால் அவர் பழுதில்லாமல் வைத்திருக்கிறார். இந்தக் குரலை யாருக்காகவும் மாற்றவே கூடாது.

ஐந்தரைக்கு முதல் பஸ் போனது. பதிவை நிறுத்தினார்கள். குசினியில் தேத்தண்ணி குடிக்கும்போது மேசையில் பொன்னியின் செல்வன் இரண்டாம் பாகம் கவிழ்ந்து கிடந்தது. இரவில் இப்போது அதையும் படிக்கிறாராம். கோடிக்கரையிலிருந்து பூங்குழலி படகு வலித்து வந்தியத்தேவனைக் கடல் கடத்தும் பகுதி தாண்டி, அவன் மாதோட்டத்தில் நிற்கும் இடத்துக்கு வந்திருந்தார்.

“மாதோட்டம் எண்டா எங்கட மாந்தையெல்லோ? திருக்கேதீச்சரத்தடி?” என்று என்னிடம் கேட்டார். ஓம் என்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் பக்கத்தைப் பேத்திக்கு உரத்து வாசிக்கத் தொடங்கினார்.