ரப்பருக்கு ஆகாத எண்ணெய்

ஆட்டோ கியர் பிக்கப் ஒன்று இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது தயங்கினால், செமோர் பக்கம் முதலில் காதில் விழும் தீர்ப்பு, "கியர்பாக்ஸ் போச்சுண்ணே, ஹாஃப் கட் போட்டுடலாம்" என்பதுதான். ஜப்பானில் பாதியாக அறுத்துக் கப்பலேற்றிய வண்டியிலிருந்து பெட்டியைக் கழற்றி இங்கே மாட்டிவிடுவார்கள். ஓடத்தான் செய்யும். அந்தப் பெட்டி அங்கே என்ன பாடு பட்டதோ, அது விற்கிறவருக்கும் தெரியாது.

என் பழைய டீசல் பிக்கப் காலையில் சமர்த்தாகத்தான் கிளம்பும். ஈப்போ போய்த் திரும்பி, சூடு பிடித்த பிறகே வம்பு. எஞ்சின் மட்டும் இரையும், வேகம் ஏறாது, பிறகு முதுகில் ஒரு குத்து விட்டு மூன்றாவது விழும். தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் தாமானில் இருக்கிறார். கேட்டுவிட்டு, "பெட்டிய அப்புறம் பாக்கலாம் தம்பி, மொதல்ல குச்சிய உருவு" என்றார்.

கியர் எண்ணெயின் அளவு பார்க்கும் அந்தக் குச்சியை உருவவும் முறை இருக்கிறது. வண்டி சமதரையில், சூடாக, எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். லீவரை எல்லா இடத்திலும் ஒருமுறை நிறுத்தி எடுத்துப் பார்க்கிங்கில் போட்ட பிறகே பார்க்க வேண்டும். எண்ணெய் சிவப்பாக இருந்தால் நிம்மதி. பழுப்பேறித் தீய்ந்த வாடை வந்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் தேய்கின்றன. வெளிறிய ரோஜா நிறத்தில் பால்போல் கலங்கியிருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது. அதன் பிறகு வண்டியை ஒரு முழம்கூட நகர்த்தக்கூடாது. பெரியவர் குச்சியைத் துடைக்குமுன் மூக்கருகே கொண்டுபோனார்.

அப்பாவும் அப்படித்தான். ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோரில் தகரவாளி வந்திறங்கியதும் குனிந்து ஒரு மூச்சு இழுப்பார். அம்மோனியா போதவில்லை, பால் உறையத் தொடங்கிவிட்டது என்பதை அளவு பார்க்குமுன்பே சொல்லிவிடுவார். கிராணிக்கு அது பிடிக்காது. கண்ணாடிக் கருவி இருக்கும்போது இவர் மூக்கு எதற்கு என்பார். கருவியோ பாலில் ரப்பர் எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும்.

எண்ணெய் என்றதும் இன்னொன்று. 1970களின் தொடக்கம் வரை ஆட்டோ கியர் எண்ணெயில் திமிங்கில எண்ணெயைச் சேர்த்தார்கள். தட்டுகள் பதமாகப் பிடிக்க அதைவிடத் தோதான பொருள் கிடைக்கவில்லையாம். அந்த எண்ணெய்க்குத் தடை வந்த பிறகுதான் மாற்று தேடினார்கள்.

என் வண்டியில் எண்ணெய் பழுப்பு, ஆனால் தீயவில்லை. அடுத்து கேபிள். ஆக்சிலேட்டரோடு சேர்ந்து ஒரு மெல்லிய கம்பி கியர்பாக்ஸுக்குள் போகிறது. கால் எவ்வளவு அழுத்துகிறது என்று பெட்டிக்குச் சொல்வது அதுதான். கம்பி தொய்ந்தால் உள்ளே அழுத்தம் குறையும், கியர் முந்திக்கொண்டு மாறி வழுக்கும். இறுகினால் இழுத்துப் பிடித்துக் கடைசியில் முரட்டுத்தனமாக விழும். எனக்குத் தொய்ந்திருந்தது. நட்டைத் திருகி இறுக்கியதில் பாதி நோய் போயிற்று. கியர்பாக்ஸையே மாற்றச் சொன்னவர்கள் இந்தக் கம்பியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்பதில் எனக்கு இன்னமும் எரிச்சல் உண்டு.

ஆனால் ரிவர்ஸ் போட்டால் 'டொக்' என்று ஒரு சத்தம். பெரியவர் அடியில் படுத்து டார்ச் அடித்தார். கியர்பாக்ஸைத் தாங்கும் மவுண்டில் ரப்பர் ஊறி உப்பி, ஓரத்தில் பிளந்திருந்தது. மேலே சீலிலிருந்து எண்ணெய் கசிந்து சொட்டுச் சொட்டாக அதன்மேல் விழுந்திருக்கிறது. "பால்மரத்து ரப்பருக்கு எண்ணெய் ஆகாது தம்பி" என்றார். எண்ணெய்க்குள்ளேயே கிடக்கும் சீல்களைச் செயற்கை ரப்பரில் செய்வது அதனால்தான். அதிர்வைத் தாங்கும் மவுண்டுக்கு மட்டும் இன்றும் இயற்கை ரப்பரையே விரும்புகிறார்கள். ஆயிரமாயிரம் முறை நசுங்கியும் மீள்கிற குணம் அதற்கு.

1877இல் கோலகங்சாரில் ஊன்றிய கன்றுகளோடு பேராக்கில் தொடங்கிய கதை அது. நாங்கள் லயத்தில் இருந்தபோது சுற்றிலும் பால்மரம். பிறகு செம்பனை வந்தது, அதற்கும் பிறகு தாமான்கள். வெட்டுக்காரப் பெண்கள் பட்டையில் ஒட்டிய பாலை உரித்து உருட்டி வைப்பார்கள், அதற்குத் தனிக்காசு. அந்த நாற்றத்தை அம்மாவின் கையிலிருந்து எந்தச் சோப்பும் எடுத்ததில்லை. மவுண்டிலிருந்து பிய்ந்த துண்டை முகர்ந்து பார்த்தேன். வெறும் எண்ணெய் வாடை.

மவுண்ட் மாற்றியாயிற்று, சீலும் மாற்றியாயிற்று. எண்ணெயையும் மாற்றினோம். அடி நட்டைக் கழற்றினால் பாதிகூட வராது, மீதி டார்க் கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். அதனால் வடித்து, ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, மறுபடி வடிக்க வேண்டும். மெஷின் வைத்து ஒரேயடியாகக் கழுவப் பெரியவர் சம்மதிக்கவில்லை. படிந்து கிடக்கும் கசடு கிளம்பி வால்வுகளை அடைத்துவிடுமாம். இதில் ஆளுக்கொரு கட்சி உண்டு. நான் அவர் கட்சி.

இப்போது 'டொக்' இல்லை. ஜெலாப்பாங்கிலிருந்து மெனோரா சுரங்கத்தை நோக்கி ஏறும்போது மட்டும், பாரம் இருந்தால், மூன்றாவது இன்னும் சற்று யோசிக்கிறது. உள்சீல்கள் காய்ந்திருக்கும் என்கிறார் பெரியவர். அதற்குப் பெட்டியை இறக்கத்தான் வேண்டும். தீபாவளி கழியட்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். அதுவரை கோலகங்சாருக்குச் சாமான் ஏற்றினால் சுங்கை சிப்புட் வழியாகப் பழைய ரோட்டில், ஓவர்டிரைவை அணைத்துவிட்டுப் போகிறேன்.