பத்திரத்தில் அவள் பெயர்

போர் நடந்த நாடுகளில் பெண்களை முன்வைத்து அமைதியை வளர்க்கிறார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு நம்ம கீழத்தஞ்சைதான் நினைவுக்கு வரும். 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேரை எரித்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கூலி நெல் அரைப்படி கூடக் கேட்டதில் நிலக்காரர்களோடு வந்த தகராறு.

அதன் பிறகு அந்தப் பக்கம் வந்து வேலையைத் தொடங்கியவர்கள் காந்தியத் தம்பதியரான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும். 1981இல் நிலமற்றவர்களுக்கு நிலம் வாங்கித் தர லாஃப்டி அமைப்பைத் தொடங்கினார்கள். நிலக்காரரிடம் பேசி, விலையைப் படியவைத்து, கடனுக்கு ஏற்பாடு செய்து, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர். பத்திரம் பெண் பெயரில்! எனக்குப் பிடித்த இடம் இதுதான். நாற்றுப் பறித்து, நட்டு, களையெடுத்து, அறுத்தவளுக்கு அதுவரை ஒரு வரப்பும் சொந்தமில்லை. ஆண் பெயரில் இருந்தால் ஓர் அவசரத்துக்கு அடமானம் போய்விடும். அவள் அவ்வளவு லேசில் கைநாட்டு வைக்கமாட்டாள்.

'உழுதவன் நிலத்தைக் காசு கொடுத்தா வாங்குவது?' என்று இடதுசாரித் தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அப்படி ஆயிரக்கணக்கான ஏக்கர் கைமாறியது, ரத்தம் சிந்தாமல்.

2008இல் இருவருக்கும் 'மாற்று நோபல்' எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது.