நூற்றொன்றாம் பதுமை

பண்டைப் போர்களைச் சிறு பதுமைகளால் மேசைமீது மீண்டும் நடத்திப் பார்க்கும் விளையாட்டொன்று உண்டு. அளவுகோலும் பகடையும் விதிநூலும் அதற்குக் கருவிகள். தமிழ் கற்கும் மாணவனுக்கு இது தகுமோ என அன்பர் சிலர் வினவியதுண்டு, தகாதென்றே வைத்துக்கொள்வோம். சென்ற விடுமுறையில் யானும் என் விடுதித் தோழனும் கொரிய நாட்டுப் பழம்படைகளிலே ஆழ்ந்து கிடந்தோம்.

யாங்கள் தேர்ந்தது கி.பி. 660-இல் ஹுவாங்சான் வெளியில் சில்லா நாட்டாரும் பெக்ஜே நாட்டாரும் பொருத போர். சில்லாவின் தளபதி கிம் யூசின்பின் வந்தோர் 50,000 பேர். பெக்ஜேயின் கியெபெக்கிடம் இருந்தோர் 5,000 பேரே. தோற்பின் தன் மனைவி மக்கள் அடிமைகளாவரென அஞ்சி, அவர்களைத் தன் கையாலேயே கொன்றுவிட்டுக் களம் புகுந்தவன் அவன். 500 வீரருக்கு ஒரு பதுமையென வகுத்தோம். எனவே என் சில்லாவுக்கு 100, தோழனின் பெக்ஜேவுக்கு 10. ஒவ்வொன்றின் உயரமும் ஏறத்தாழ 28 மில்லிமீட்டர்.

வண்ணந்தீட்ட எனக்கு வழிகாட்டியது ஆனாக் என்னுமிடத்துக் கல்லறைச் சுவரோவியம். அஃது 357-ஆம் ஆண்டினது, கோகுரியோ நாட்டினது. அதில் வீரர் மட்டுமன்றிக் குதிரைகளும் கவசம் பூண்டு செல்கின்றன. “300 ஆண்டு முந்திய வேற்றுநாட்டுக் குதிரையைச் சில்லாவுக்கு ஓட்டி வருகின்றாயே!” என்று தோழன் நகைத்தான். நகைத்தது நியாயமே. கவசமில்லாக் குதிரைகளையே கொண்டேன்.

1145-இல் கிம் பூசிக் தொகுத்தளித்த ‘சம்குக் சகி’ இப்போரைக் கூறுகிறது. நான்கு முறை பொருதும் சில்லாவால் வெல்ல இயலவில்லை. அப்பொழுது படைத்தலைவருள் ஒருவன் தன் மகன் குவான்சாங்கை முன்னே ஏவினான். அவனுக்கு வயது 16. தனியே குதிரையிற் பாய்ந்தவன் பிடிபட்டான். கியெபெக் அவன் தலைச்சீராவைக் கழற்றி முகத்தைப் பார்த்தான், இளமுகம், கொல்ல மனம் ஒருப்படாமல் திருப்பி அனுப்பினான். மீண்ட சிறுவனோ கிணற்று நீரைக் கையால் அள்ளிப் பருகி, மறுபடியும் பகைவருட் புகுந்தான். இம்முறை அவன் தலை மட்டுமே சேணத்திற் கட்டப்பட்டுத் திரும்பிற்று. அதைக் கண்டு கொதித்தெழுந்த சில்லாப் படை அன்று வென்றது, கியெபெக்கும் மடிந்தான்.

எங்கள் கணக்கில் அச்சிறுவன் ஒரு பதுமையின் ஐந்நூற்றிலொரு பங்கு. அதற்கு என் மனம் இசையவில்லை. என் இளவலுக்கும் அதே வயது. ஆகவே நூற்றொன்றாவதாக ஒரு பதுமை செய்தேன். ஏனையோருக்கெல்லாம் தலைச்சீரா உண்டு, இவனுக்கு இல்லை. மிளகினும் சிறிய அம்முகத்திற்குக் கண்ணெழுத இரண்டு இரவுகள் சென்றன.

ஆட்டத்தன்று அவன் பிடிபட்டான். கொல்வதோ விடுவதோ தோழன் விருப்பம் என்பது யாங்கள் வகுத்த விதி. கொன்றால் என் படைக்கு ஊக்கம் மிகும். தோழன் பதுமையை எடுத்து விளக்கருகே நெடுநேரம் பார்த்தான்.

“இவனைக் கொல்லவும் மாட்டேன், விடவும் மாட்டேன்” என்றான்.

விதியில் அதற்கு இடமில்லையென வாதிட்டேன். அவன் கேட்கவில்லை. அன்று சில்லா தோற்றது. எனக்குச் சினமே. பதுமை இன்னும் அவன் மேசைமீது, மைக்கூட்டின் அருகே நிற்கிறது. யானும் திருப்பிக் கேட்கவில்லை.