முதல் துவக்கு

ஒரு கருவியை இளைஞன் ஒருவனிடம் ஒப்படைக்குமுன், அக்கருவி எத்தகையது என ஆராய்தலோடு, அதனை ஏற்கும் கை எத்தகையது என ஆராய்தலும் பெரியோர்க்குக் கடனாகும். பேனாக்கத்தி முதல் மோட்டார் வண்டி ஈறாக யாவற்றுக்கும் பொருந்தும் இவ்விதி, துவக்குக்கு இருமடங்கு பொருந்தும்.

தமிழாசிரியன் ஒருவன் கல்லூரி விழா மலரிலே துவக்கைப் பற்றி எழுதுவானேன் என அன்பர்கள் வியத்தல் கூடும். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவரும், இப்பொழுது கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வாழ்பவருமாகிய நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு நீண்ட கடிதமொன்று விடுத்தார். 14 வயதான அவர் மகன், அந்நாட்டு மாணவர் படையிற் சேர்ந்து, பனிச்சறுக்கோடு குறிபார்த்துச் சுடுதலையும் இணைத்த பயத்லன் என்னும் விளையாட்டைப் பயில்கின்றான். வீட்டிலும் ஒரு றைபிள் வேண்டுமென்கிறான். எதனை வாங்குவது என்பது நண்பரின் முதற் கேள்வி. இரண்டாவது கேள்வி கடிதத்தின் ஈற்றிலே சிற்றெழுத்தில் இருந்தது: "இவன் தாய்க்கு யான் என்ன சொல்வது?" அவ்வம்மையாரின் தமையனார் தமது 17ஆவது வயதில், ஒருநாள் மாலை, துவிச்சக்கரவண்டியை வேலியிற் சாத்திவிட்டுப் போனவர், மீண்டு வந்திலர். அன்று முதல் துவக்கு என்னுஞ் சொல் அவ்வீட்டில் எவரும் உச்சரியாத சொல்லாயிற்று.

நண்பர் அனுப்பிய பயிற்சிக் கையேட்டையும் வேறு சில நூல்களையும் பயின்றபின் முதற் கேள்விக்கு யான் எழுதிய விடையின் சாரம் வருமாறு:

முதலாவது, சட்டம். கனடாவில் 18 வயது நிரம்பாதவன் துவக்கு வாங்குதல் இயலாது. 12 முதல் 17 வயது வரையுள்ளோர் பாதுகாப்புப் பாடநெறியிற் சித்தியெய்தி, பெற்றோர் சம்மதத்துடன் இளையோர்க்குரிய அனுமதிப்பத்திரம் பெறலாம். அதனைக்கொண்டு பிறரது றைபிளை இரவல் பெற்றுக் குறிப்பயிற்சி செய்யலாம். ஆகவே, மகனுக்கென வாங்குவதும் சட்டப்படி தந்தையின் துவக்கே. தந்தையும் பாடம் படித்துப் பரீட்சைக்குத் தோற்றியே ஆகவேண்டும். இவ்விதி எனக்கு மிகவும் உவப்பாயிற்று.

இரண்டாவது, தோட்டா. தொடக்கநிலையார்க்கு ·22 அங்குல 'லோங் றைபிள்' தோட்டாவே ஏற்றது. 1887ஆம் ஆண்டு தோன்றிய அது, இன்றும் பயத்லன் போட்டிகளிற் பயன்படுகின்றது. குண்டின் நிறை ஏறத்தாழ 2.6 கிராம், தோளை உதைப்பது அரிது, விலையும் குறைவு. உதையும் பேரொலியும் மிக்க துவக்கை முதலிற் பிடித்த பிள்ளை, விசையை இழுக்குமுன்னரே கண்ணை மூடிக்கொள்ளப் பழகிவிடுவான். பின்னர் அப்பழக்கத்தை நீக்குதல் எளிதன்று. சிறிய தோட்டாவாயினும் காதுக்கும் கண்ணுக்கும் காப்பு அணிதல் வேண்டும். சிறிதென இகழ்தலுங் கூடாது. அக்குண்டு ஒன்றரை மைல் வரை சென்று தீங்கு விளைக்க வல்லது.

துரோணர் தம் மாணாக்கரை நோக்கி, "என்ன காண்கின்றாய்?" என வினவியபோது பறவையன்றிப் பிறிதொன்றுங் காணாத அருச்சுனனே தேறினான். துவக்குப் பயில்வோன் அவ்வளவில் அமைதல் போதாது. குறியைக் கண்டபின் குறிக்கு அப்பால் யாது உளது என்பதையும் அவன் கண்டாக வேண்டும்.

மூன்றாவது, அமைப்பு. ஒரு முறைக்கு ஒரு தோட்டா மட்டும் இட்டு, கையாற் பூட்டிச் சுடும் றைபிளே முதற் றைபிளாதல் நன்று. ஒன்ராறியோவின் கோபேர்க் நகரிலிருந்த கூயி தொழிற்சாலை செய்த 39ஆம் இலக்க றைபிள் இவ்வகையினது. பூட்டை மூடிய பின்னரும் அதன் பின்னுள்ள குமிழைக் கையால் இழுத்தாலன்றி அது வெடியாது. வெடிக்கு வெடி இடையே சிந்திக்க நேரங் கொடுப்பது அதன் குறையன்று, குணம். ஐந்து தோட்டாக் கொள்ளும் பயத்லன் றைபிள் விலை மிக்கது, 3.5 கிலோகிராமிற் குறையாத நிறையும் உடையதாதல் விதி. அது வளர்ந்தபின் ஆகுக.

நான்காவது, அளவு. முழங்கையை மடக்கி, பிடியின் அடியை முழங்கையின் உட்புறத்திற் பொருத்தினால், சுட்டுவிரல் விசையை இயல்பாய் எட்டவேண்டும். எக்கண் குறிபார்க்குங் கண் என்பதையும் முன்னரே அறிதல் வேண்டும். தகப்பனின் சட்டை மகனுக்குப் பொருந்தாதவாறே தகப்பனுக்கு அளவான றைபிளும் பொருந்தாது.

இவற்றுக்கெல்லாம் மேலாக, அந்நாட்டுப் பாடநெறி நான்கு விதிகளை முதற்கண் கற்பிக்கின்றது: எத்துவக்கையும் தோட்டா இட்டதெனவே கருதுக, குழல்வாயைத் தீங்கற்ற திசையிலேயே வைக்குக, சுடும் வேளையன்றி விரலை விசையில் வையாதிருக்குக, தோட்டா இல்லை என்பதைத் திறந்து பார்த்தே தெளிக.

இரண்டாவது கேள்விக்கு விடையெழுத எனக்கு மூன்று இரவுகள் சென்றன. எமது தலைமுறையில் துவக்கேந்திய பிள்ளைகளுக்கு அதனைக் கீழே வைக்கும் நாள் இதுவென ஒருவருஞ் சொல்லவில்லை. தாய் தந்தையரின் சம்மதத்தை எவருங் கேட்டிலர். என் வகுப்பு வரவுப் பதிவேட்டிலே பாதியில் நின்றுபோன பெயர்களை யான் இன்னும் வரிசையாய்ச் சொல்வேன். ஆதலின், "அஃது வேறு, இஃது வேறு" என்று அத்தாயிடம் எளிதிற் கூறிவிடல் தகாது. இரண்டும் துவக்கே. வேறுபாடு அதனைச் சூழ்ந்த ஒழுங்கிலே உள்ளது. பயத்லன் களத்தில் குறி 50 மீற்றர் தூரத்துக் கருவட்டம். படுத்துச் சுடுகையில் 45 மில்லிமீற்றரும் நின்று சுடுகையில் 115 மில்லிமீற்றரும் அதன் அளவு. ஓடி இளைத்து வந்தவன் தன் மூச்சை அடக்கினாலன்றி அதனை வீழ்த்த இயலாது. சுட்டு முடிந்ததும் துவக்கு முதுகுக்குச் சென்றுவிடும்.

ஆகவே நண்பர்க்கு இவ்வாறு எழுதினேன்: "அம்மையாரிடம் ஒன்றையும் மறையாதீர். றைபிளைப் பெட்டியில் இட்டுப் பூட்டித் திறப்பை நீர் வைத்துக்கொள்ளும். தோட்டாவை வேறிடத்திற் பூட்டும். கழற்றிய பூட்டை அவரிடங் கொடும். அவர் மனம் இசையாத நாளில் அத்துவக்கு வெறும் இரும்புக்குழலாய் இருக்கட்டும். அவர் ஒருபோதும் இசையாவிடின், வாங்காது விடுக. மைதானத்துத் துவக்கே பிள்ளைக்குப் போதும்."

மறுமொழி நான்கு மாதங் கழித்து வந்தது. அம்மையார் பல நாள் யாதும் பேசாதிருந்து, பின்பு, அப்பாடநெறிக்குத் தாமும் வருவதாகச் சொன்னாராம். மூவரும் ஒருங்கே சென்றனர். பரீட்சையில் அதிக புள்ளி பெற்றவர் தாயாரே! பூட்டு இப்பொழுது அவரிடம் உள்ளது. பிள்ளை ஒவ்வொரு சனிக்கிழமையும் அவரிடங் கேட்டு வாங்கி, மாலையில் அவர் கையிலேயே திருப்பிக் கொடுக்கின்றான்.

கடல் கடந்து வாழும் நம் கல்லூரி மைந்தர் வீடுகளில் வளரும் பிள்ளைகள் எக்கலையையும் பயில்க. எடுக்கும் முறையோடு வைக்கும் முறையையும் அவர்க்குக் கற்பித்தல் நம் கடன்.